மாதிரிப் படம்

திறந்து நாற்பது நாளாகியும்
ஒரு காதுகுத்துக்குக்கூட
யாரும் அட்வான்ஸ் தரவில்லை.
காரைக்குடி பைபாஸில் எங்களுக்கு முன்னால் இரண்டு புது ஹோட்டல்,
பின்னால் ஒன்று, அதில் மொட்டைமாடி நீச்சல்குளம் வேறு.
எங்களிடம் இருப்பது
ஐந்நூறு பேர் அமரும் ஏசி ஹால்,
ஆத்தங்குடிப் பூப்போட்ட வினைல் தரை,
தட்டினால் தகரமாய்ப் பேசும் பர்மாத் தேக்குத் தூண்கள்,
கீழே ‘ரங்கூன்’ என்றொரு பார்.
ஹாலுக்கு வரும் சம்பந்தியின் கண்ணில்
பாருக்குப் போகும் சம்பந்தி படாதபடி
வழியை மூன்று முறை மடித்திருக்கிறார் இன்ஜினியர்.
அந்த மடிப்புக்காகவே அவருக்கு மாலை போடலாம்.

சிங்கப்பூரிலிருந்து முதலாளி வெள்ளையப்பன் போனில் சொன்னார்:
“ஆளில்லாத ஹாலைப் படம் பிடிச்சா
அரிசி குடோன் மாதிரி இருக்கு.
ஆளோட எடுங்க.”

ஆளுக்கு எங்கே போவது?
நாங்களே உட்கார்ந்தோம்.
ரிசப்ஷன் அழகுமீனாள் மணப்பெண்.
பாரில் ஊற்றிக்கொடுக்கும் சேவுகப்பெருமாள் மாப்பிள்ளை.
பெண்ணுக்கு அப்பா நான்,
பேங்க்வெட் மேனேஜருக்கு அந்த முகம்தான் என்றார்கள்.
லாண்டரி ஜெயசீலன் பட்டு வேட்டியில் நின்றபோது
முதலாளிக்கே முதலாளி போலிருந்தான்.
பட்டுச்சேலைகள் வாடகை,
நகைகள் வாடகை,
மாலை மட்டும் நிஜம்.
“விளையாட்டுக்கும் தாலியைத் தொடக்கூடாது”
என்று ஹவுஸ்கீப்பிங் பிச்சம்மை சொல்லிவிட்டதால்
வெறும் ரிசப்ஷன்.

மதுரையிலிருந்து வந்த போட்டோகிராபர்
இலையில் விரல் படக்கூடாது என்றார்.
காலையில் வடித்த சோறு.
பாயசத்தின் மேல் மினுமினுப்புக்கு ஏதோ தெளித்திருந்தார்.
முப்பத்தொரு பேர்
பசியோடு விருந்தைப் பார்த்துச் சிரிக்கவேண்டும்.
சிரித்தோம்.
வட்டிக்காரனுக்குச் சிரிப்பதுபோல வந்தது.
“இன்னும் சந்தோசமா”
என்றார் அவர், பதினேழு தடவை.

அப்போது கரண்ட் போனது.

ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு விநாடி
என்று கஸ்டமருக்கெல்லாம் சொல்வேன்.
அன்று பிடித்தது ஒரு நிமிடம் போல.
இருட்டில் எவனோ ஒரு அப்பளத்தை உடைத்தான்.
அந்த நொறுங்கல் ஹால் முழுக்கக் கேட்டது.
பிறகு எல்லா இலையிலும் கை.
சேவுகன் அழகுமீனாள் காதில் என்னவோ சொன்னான்.

விளக்கு வந்தபோது
தலையைப் பின்னால் சாய்த்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்,
நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் நழுவியிருந்தது,
என் வாயில் அப்பளம்.
கிளிக்.

ஆறடிக்கு நாலடி,
இப்போது வாசலில் மாட்டியிருக்கிறது.
யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்கிறவர்களிடம்
“நம்ம ஹோட்டல்ல நடந்ததுதான்” என்பேன், பொய்யில்லை.
படம் வந்த பிறகு
இருபத்திரண்டு முகூர்த்தம் புக்காகிவிட்டது,
ஒரு டயர் டீலர் மாநாடு,
வெளிநாட்டுக்காரர்களின் ஒரு சமையல் போட்டி.

காதில் என்ன சொன்னான் என்று அவளிடம் கேட்டேன்.
“ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்த மறந்துட்டாங்கன்னு.”
அவ்வளவுதானா என்றேன்.
சாவிக்கொத்தை எண்ண ஆரம்பித்தாள்.

ஆவணியில் அவள் கல்யாணம், குன்றக்குடியில்.
மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர்.
ஊழியர் தள்ளுபடி போக
எங்கள் ஹாலுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்,
ஒரு கணம்கூட அவள் யோசிக்கவில்லை.
ஏழு பேர் போயிருந்தோம்.
அன்று பார் லீவு இல்லை என்றான் சேவுகன்,
நானும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் ஒரு வளைகாப்புக்கு
விருந்தாளியாக அவள் மாமியார் வந்தார்.
வாசலில் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.
மருமகள், மாலை, வேறொருவன்,
அந்தச் சிரிப்பு.
நான் ஓடினேன், விளம்பரம் அம்மா, எல்லாம் நடிப்பு,
நான்தான் பெண்ணுக்கு அப்பா பாருங்கள் என்று
வாயிலிருந்த அப்பளத்தைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.
சிரிப்பைப் பார்த்தாரா,
அதற்குக் கீழேயா,
தெரியவில்லை.

“இந்தக் காசுமாலை
ஒரு நாளைக்கு என்ன வாடகை?”

எண்ணூறு, என்றேன்.