பாதி அட்டை

டாக்டர் வேலாயுதப்பெருமாள் கிளினிக்குக்கும்
என் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரே சுவர்.
அந்தப் பக்கம் யாராவது பலமாக இருமினால்
இந்தப் பக்கம் டானிக் பாட்டில்கள் லேசாக அதிரும்.

பதினோரு வருடமாக அவர் கையெழுத்தை வாசிக்கிறேன்.
முதல் எழுத்து, பிறகு ஒரு நீண்ட இழுப்பு.
செவ்வாய்க்கிழமை கறுப்புப் பையோடு வந்துபோகிற பையன்
எந்தக் கம்பெனி என்று பார்த்துவைத்துக்கொண்டால்
வியாழக்கிழமை சுகருக்கு என்ன பெயர் வரும் என்று
சீட்டைப் பிரிக்காமலே சொல்வேன்.
கடைசி வரியில் எப்போதும் ஒரு வாயு மாத்திரை.
காலில் ஆணி ஏறி வந்தவனுக்கும்.

கெட்ட மனுசர் இல்லை.
ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும்
கைலியை இறுக்கிக்கொண்டு வந்து நிற்பார்.
ஐம்பது ரூபாய் பீஸில் இருபதைத் திருப்பிக் கொடுப்பார்,
தொண்ணூற்றெட்டு ரூபாய் அட்டையை எழுதுவார்.

முக்கூடலில் நான் ரூபாயில் சொல்கிற விலையைப்
பீடியில் கேட்டுக்கொள்வார்கள்.
தொண்ணூற்றெட்டு என்றதும்
சிவந்திக்கனியின் உதடு அசையும்: பதினாறு கட்டு.
இலை மோசமாக வந்த வாரம் இன்னும் கூட,
கடையில் கழித்தது போக.
"முழுசும் வேண்டாம் ஜெபா,
நாலு நாளைக்கு வெட்டிக் குடு."

வெட்டுவேன்.
ஒரு துண்டோடு மருந்தின் பெயர் போகும்,
காலாவதித் தேதி மறு துண்டில் நிற்கும்.
பெயர் இல்லாத துண்டை
அடுத்து வருகிறவர் வாங்குவார்.

போன மாதம் ஒருநாள் மழை, கரண்ட் இல்லை, ஆளும் இல்லை.
சும்மா இருக்கமாட்டாமல் நோட்டில் எண்ணினேன்.
சுகர் சீட்டு நூற்று நாற்பத்தாறு.
அதே மருந்து, இருபத்திரண்டு ரூபாய்க்கு,
கீழ்த்தட்டில் தூசியோடு இருக்கிறது.
அது எழுதப்பட்டது மூன்று பேருக்கு.
ஒருவர் வேதக்கோயில் வாட்ச்மேன், சண்டை போட்டு வாங்கியவர்.
மற்ற இரண்டும் டாக்டர் வீட்டுக்கு.

மீதிப்பேர் கூடுதலாகக் கொடுத்ததைக் கூட்டி
பீடியாக மாற்றிப் பார்த்தேன்.
நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம்.
அதில் நூற்றுக்கு இருபது விழுந்தது என் கல்லாவில்.
அதையும் எழுதினேன்.
கிழிக்கலாம் என்று தாளைப் பிடித்தேன்,
பிறகு மடித்து பிரஷர் மிஷினுக்கு அடியில் வைத்தேன்.

சீட்டில் இல்லாததைக் கொடுக்க எனக்குச் சட்டமில்லை.
வெள்ளிக்கிழமை சிவந்திக்கனியைக் கடையில் உட்காரவைத்து
அவள் சீட்டோடு போய் டோக்கன் வாங்கினேன். இருபத்தொன்பது.
முக்கால் மணி நேரம் பெஞ்சில்.
என் கடைச் சுவரை இந்தப் பக்கத்திலிருந்து
அன்றுதான் பார்த்தேன்; ஈரம் ஏறியிருந்தது.

"உனக்கென்னம்மா?"
"எனக்கில்ல சார்" என்று சீட்டை நீட்டினேன்.
அடியில் இருந்த தாளை நீட்டவில்லை, தைரியம் அவ்வளவுதான்.
வெகுநேரம் பார்த்தார்.
வெளியே பாபநாசம் பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.
ஒரு வரியை அடித்து, மேலே எழுதினார்.
முதல் எழுத்து, ஒரு நீண்ட இழுப்பு.
வாயு மாத்திரை அப்படியே இருந்தது.

முழு அட்டையைக் கையில் வாங்கிய சிவந்திக்கனி
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இம்புட்டுக் கொறஞ்ச வெலைக்கா?
இது கேக்குமா ஜெபா?"

டாக்டர் வீட்டில் கேட்கிறது என்று
சொல்லியிருக்கலாம்.
"கேக்கும்க்கா" என்றேன்,
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.