ஒட்டும், ஒட்டாது

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு எடைமேசை வேலை.
பழைய கொலுசு கொண்டுவருகிறவர்களிடம்
முதலில் சிரிப்பேன்.
பிறகு இழுப்பறையிலிருந்து காந்தத்தை எடுப்பேன்.
வெள்ளி ஒட்டாது.
ஒட்டினால், எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்கமாட்டேன்.
பதினாறு வருடப் பழக்கம்.

ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேன் சென்டர்.
மூன்று மாதமாக இடது பொட்டில்
யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற வலி.
படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
நெஞ்சில் கருவி உண்டா, எலும்பில் தகடு உண்டா,
கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததா.
இல்லை, இல்லை, இல்லை.
போன வேகத்தில் கை
ஒட்டுமுடி, சவுரி, ஹேர்பின்னுக்கும்
இல்லை என்று போட்டுவிட்டது.

மாதையன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.
இரும்பாலையில் நைட் ஷிப்ட் முடித்து
தூங்காமல் வந்தவர்.
என் தாலிக்கொடி, தோடு, மெட்டி
அவர் கைக்குட்டையில் ஒரு முடிச்சாக இருந்தன.
"எல்லாத்தையும் கழட்டிட்டியா?"
"ம்."
"எல்லாத்தையுமா?"
மெட்டி கழற்ற சோப்புத் தண்ணீர் போதுமாக இருந்தது.

டைபாய்டில் கொட்டியது, திரும்ப வரவில்லை.
அம்மாபேட்டை பார்லரில் கோமளா
ஒன்பது பட்டைகளாகக் கொடுத்தாள்,
பட்டைக்கு மூன்று கிளிப்,
என் நிறம் பார்த்து, என் சுருள் பார்த்து.
கடைத் தராசில் ஒருநாள் யாருமில்லாதபோது வைத்தேன்.
நூற்றுப்பத்து கிராம்.
செய்கூலி தனி. சேதாரம் நான்.

உள்ளே ஏ.சி. குளிர். காதில் பஞ்சு.
கையில் ஒரு ரப்பர் பந்து.
"பயமா இருந்தா அமுக்குங்கக்கா" என்றாள் பெனிட்டா.
பலகை நகர்ந்தது.
தோள் உள்ளே போவதற்குள்
பின்பெஞ்சிலிருந்து எவளோ
சடையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.
ஒருத்தி இல்லை,
ஒரு வகுப்பே.

அமுக்கினேன்.

"முடி" என்றேன் வெளியே வந்ததும்.
எச்சில் விழுங்கி, "என்னுது இல்ல."
நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

பக்கத்து அறையில் ஸ்டூல் போட்டு
அவளே எடுத்தாள்.
டிக். டிக்.
இருபத்தாறு வந்தது.
ஒன்று எங்கே என்று இரண்டு பேரும் தேடினோம்.
சொந்த முடிக்குள், காதுக்குப் பின்னால்
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி
ஒளிந்திருந்தது.
"இதோட போயிருந்தா சுட்டிருக்கும்.
படத்துல அந்த இடம் கருப்பா, பள்ளமா விழும்.
மூளையே இல்லாத மாதிரி இருக்கும்க்கா."
சிரித்தாள். நானும்.
பட்டைகளைக் கையுறைக்குள் திணித்து முடிச்சிட்டாள்.
ஐந்து விரலிலும் முடி நிறைந்த ஒரு கை
என் செருப்புக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

மறுபடி உள்ளே.
கொலுசுக்கு முத்து அடிக்கிற மெஷின் சத்தம்,
தலைக்கு வெளியே, பிறகு உள்ளே.
இதை வளர்த்தவளை நினைத்துக்கொண்டேன்.
எந்த ஊரோ. எதற்குக் கொடுத்தாளோ.
அவளுக்கும் இதே பொட்டில் வலித்திருக்குமா?
இருபத்தைந்து நிமிடம்
அசையாமல் இருப்பதைத் தவிர
வேறு ஒன்றும் செய்ய முடியாது என்பது
ஒரு விதத்தில் நன்றாகவே இருந்தது.

அடுத்த டோக்கன்காரர் நின்றுகொண்டிருந்தார்.
மாட்ட நேரமில்லை.
கையுறையைப் பைக்குள் வைத்து
அப்படியே வெளியே வந்தேன்.
உச்சியில் ஃபேன் காற்று பட்டது.

மாதையன் எழுந்தார். பார்த்தார்.
முடிச்சை அவிழ்த்து
தோட்டை நீட்டினார், இடது, பிறகு வலது.
"சரியா இருக்கானு எண்ணிக்க" என்றார்.
எண்ணினேன்.
பஸ் ஏறும்வரை அவர் வேறெதுவும் பேசவில்லை.

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை.
வலி இருக்கிறது.
வேலைக்கு ஒன்பது பட்டைகளையும்
மாட்டிக்கொண்டுதான் போகிறேன்.

வியாழக்கிழமை ஒரு பெண்
ஃபீஸ் கட்ட வேண்டும் என்று
ஒற்றைக் கொலுசை அவிழ்த்து வைத்தாள்.
காந்தம் கொக்கியில் போய் ஒட்டிக்கொண்டது.
அவள் தரையைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.

"கொக்கி மட்டும்தாம்மா இரும்பு" என்றேன்.
"அதைக் கழிச்சுட்டு எடை போடறேன்."