அரைமணி முன்னால்

சிட்னியில் பெட்டியைத் தராசில் வைத்தார்கள்.
பதினான்கு கிலோவுக்கு மேல் ஆகாதாம், சின்ன விமானம்.
குமணன் கேமரா முக்காலியை எடுத்து வெளியே வைத்தார்.
நான் இஸ்திரிப் பெட்டியை.
தீவுக்கு எதற்கு இஸ்திரி என்று அவர் கேட்கவில்லை.
பதினோரு வருஷத்தில் கற்றுக்கொண்டது.

இரண்டு மணி நேரம் கீழே வெறும் நீலம்.
பிறகு திடீரென்று இரண்டு மலைகள்,
இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி
எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தியதுபோல.

அலுவலகத்து மெரெடித் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தாள்:
லார்ட் ஹோவில் தவறவிடக் கூடாதவை, பன்னிரண்டு.
முதலாவது, கடிகாரத்தை மாற்று.
குளிர்காலத்தில் இங்கே
சிட்னியைவிட அரைமணி முன்னால்.
அரைமணி! அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
ஊருக்குப் பேச நாலரை மணியைக்
கழித்துக் கழித்து விரல் தேய்ந்தவள் நான்.
இங்கே சுளையாக ஐந்து.
பேசத்தான் சிக்னல் இல்லை.

விடுதிக்கார ரோண்டா அறையைக் காட்டினாள்.
சாவி? என்றேன்.
"சாவியா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்,
தூரத்து உறவினர் யாருடைய பெயரையோ போல.
"இருந்தது. எங்கே வைத்தேனோ."
அன்றிரவு கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன்.
இரண்டு மணிக்கு எழுந்த குமணன்
அதில் இடித்துக்கொண்டு அலறினார்.
திருடன் தப்பித்தான்.

நெட்ஸ் கடற்கரைக் கொட்டகையில் ஆளே இல்லை.
நீச்சல் கண்ணாடி, ரப்பர் துடுப்பு, ஓர் உண்டியல்.
ஒருதரம் எண்ணிப் போட்டேன்.
யாரும் பார்க்கவில்லையே என்று
இன்னொரு தரம் எண்ணிப் போட்டேன்.
முழங்கால் நீரில் மீன்கள் மொய்த்தன,
இரண்டாம் பந்திக்கு முண்டியடிப்பவர்களாக.
செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசுகிறவள் நான்.
அன்று அவை
என்னை அப்படிப் பார்த்தன.

மூன்றாம் நாள் மாலை, மலையடிவாரம்.
தலைக்கு மேல் நூற்றுக்கணக்கில் கடற்பறவைகள்,
வட்டம் வட்டமாக.
"கத்துங்கள்" என்றான் வழிகாட்டிப் பையன் லாக்லன்.
"எதை வேண்டுமானாலும். சத்தம் கேட்டால் இறங்கி வரும்."
அடிலெய்டு தம்பதி கூச்சத்தோடு ஊளையிட்டார்கள்.
குமணன் கைகுவித்து, "போலாம், ரைட்!" என்றார்.
பனையிடுக்கில் ஒன்று வந்து விழுந்தது.

என் முறை.
பரமட்டாவில் எங்கள் சுவர் அட்டை மாதிரி.
கோபத்தைக்கூடக் குக்கர் விசிலடிக்கும்போதுதான் சொல்லி முடிப்பேன்.
என்ன கத்துவது?
வாய் தானாக எடுத்தது:
கா... கா...

அப்பா போனதிலிருந்து அமாவாசைதோறும்
பால்கனியில் ஒரு பிடி சோறு.
அங்குள்ள காக்கைக்குத் தமிழ் தெரியாது,
அல்லது அப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை.
மூன்றாம் மாதம் குடியிருப்புக் கமிட்டி கடிதம் போட்டது:
பறவைகளுக்கு உணவிடாதீர்.

கா...
முன்பு இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை.
கா...

இலைகளைக் கிழித்துக்கொண்டு
சாம்பல் நிறத்தில் ஒன்று
தொப்பென்று என் காலடியில்.
தள்ளாடி எழுந்தது. செருப்பின் மேல் ஏறி நின்றது.
கையில் ஒன்றுமில்லை என்று விரித்துக் காட்டினேன்.
அது கையைப் பார்க்கவில்லை.

அப்பா இல்லை. தெரியும்.
கடலில் மீன் பிடித்துப் பிழைக்கிற பறவை.
கூப்பிட்டது யார் என்று
பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறது.
குமணன் கைகளைப் பைக்குள் விட்டபடி
படம் எடுக்காமல் நின்றார்.
தரையிலிருந்து எழும்ப அதற்குச் சிரமமாம்.
லாக்லன் இரு கையாலும் ஏந்தி
மேட்டுப் பாறையில் விட்டான்.

பட்டியலில் மலையேற்றம் பாக்கி,
கண்ணாடிப் படகு பாக்கி.
எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.
ரோண்டா வெந்நீரும் தேனும் கொண்டுவந்தாள்.
என்ன ஆயிற்று என்றாள்.
கத்தினேன் என்றேன்.
நல்லது என்று சொல்லிவிட்டு,
கதவைச் சாத்தாமல் போனாள்.