ஏழாவது பாடம்

ஐந்து பேர் சேர்ந்தால் இயற்பியல் உண்டு.
இல்லையென்றால் அந்த அறையை
உடைந்த நாற்காலிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.
பெல்முல்லட்டில் எங்கள் பள்ளி அவ்வளவு பெரியது.

நான்கு பேர் இருந்தோம்.
நான், நண்டுப்படகுக்காரர் வீட்டு இரட்டையர்,
கார்கிவிலிருந்து வந்து
கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஸ்லாத்தா.
விருப்பப் படிவத்தில் மூன்றாம் பத்தி:
இயற்பியல் அல்லது இசை.
ஒரு பத்திக்கு ஒரு குறிதான்.

ஃபியாக்ரா இசையில் குறி போட்டிருந்தான்,
பென்சிலால்.
பேனாவாக இருந்திருந்தால்
பேசாமல் போயிருப்பேன் என்று
இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

சைக்கிள் கொட்டகை, சாய்ந்தடிக்கும் மழை.
அவனுக்குப் புள்ளிக் கணக்கு சொன்னேன்.
முதல் தரத்துக்கு நூறு,
இரண்டாவதுக்கு எண்பத்தெட்டு,
அப்புறம் எழுபத்தேழு, அறுபத்தாறு,
படிக்கட்டில் விட்ட பந்து மாதிரி
நாற்பத்தாறு, முப்பத்தேழு,
கடைசிப் படியில் ஒன்றுமில்லை.
கணிதத்தில் உயர்நிலைத் தாள் எழுதித் தப்பினால்
இருபத்தைந்து கொசுறு.
ஏழு பாடம் எழுதலாம்,
சிறந்த ஆறுதான் கூட்டலில் சேரும்.

"அப்போ ஏழாவது?"
"வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு."
"கான்செர்ட்டினாவுக்கும் நூறுதானே?"
"நூறுதான். ஆனால்" என்றேன்.
அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன சொன்னேன்
நினைவில்லை.
நன்றாகத்தான் சொல்லியிருப்பேன்.
அழிரப்பர் என்னுடையது.

இரண்டு வருடம்.
மெக்நல்டி மிஸ் ஊசலை ஆட்டிவிட்டு
கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வார்.
நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம்.
அவன் விரல்கள் மேசைக்கு அடியில்
எதையோ அமுக்கி எடுத்துக்கொண்டிருக்கும்.
வியாழக்கிழமைகளில் சுவருக்கு அந்தப் பக்கம்
இசை வகுப்பு.
வியாழக்கிழமைகளில் அவன்
வட்டங்கள் வட்டங்களாகக் கிறுக்குவான்.

ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.
பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நின்றபடி
கைபேசியில் என் எண்களைப் பார்த்தேன்.
போதும். கொஞ்சம் மிச்சமும் இருந்தது.
சந்தோஷத்தில் ஒரு கிழவருக்கு
ஐந்து யூரோ கூடுதலாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அவன் வந்தான்.
"நானூற்று எழுபத்தொன்பது."
ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருடம் கேட்டது
நானூற்றுத் தொண்ணூற்றைந்து.
பதினாறு.
"இந்த வருடம் இறங்கலாம்" என்றேன்.
"இறங்கலாம்" என்றான்,
மழை விட்டுவிடும் என்பவனுக்கு
நாம் தலையாட்டுவதுபோல.
இயற்பியலில் நாற்பத்தாறு.
ஏழில் கடைசி. எண்ணப்படாது.
"ஒத்ததிர்வு பற்றி ஒரு கேள்வி வந்ததே," என்றான்,
"வாத்தியத்துக்குள் உலோக நாக்கு எப்படித் துடிக்கும் என்று
ஒரு பக்கம் எழுதினேன்.
அவர்கள் கேட்டது வேறு என்று நினைக்கிறேன்."
சிரித்தான்.
மூன்றாம் பம்புக்கு இருபது யூரோ கட்டினான்.

அவன் போனதும் ரசீதின் பின்னால் எழுதினேன்:
உயிரியல் அறுபத்தாறை எடு,
இசைக்கு, குறைத்தே போடு, எண்பத்தெட்டை வை.
ஐந்நூற்று ஒன்று.
ரசீதை நான்காக மடித்து
ஜீன்ஸ் பைக்குள் செருகினேன்.
அவன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பானா?
போடாமலிருக்க அவன் என்ன மடையனா.

புதன்கிழமை இடங்கள் வந்தன. எதுவும் இறங்கவில்லை.
எனக்குக் கால்வேயில் பொறியியல்.
அவனுக்கு அதே ஊரில்,
பட்டியலில் நான்காவதாக எழுதிய ஏதோ ஒன்று;
பெயரைக் கேட்டேன், மறந்துவிட்டேன்,
அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

செப்டம்பர். காலை ஆறே கால் பேருந்து.
சன்னலில் கரிநிலம், அதற்குமேல் இன்னும் விடியாத வானம்.
நிறுத்தத்தில் அவன் ஏறினான்,
கையில் துணிப்பையும்
அந்த அறுகோணப் பெட்டியும்.
என் பக்கத்து இருக்கையில் என் பை இருந்தது.
எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.