பதினேழாம் எண்

அஞ்செட்டிக்குக் கீழே, பங்குனியில்
தொட்டல்லா ஆறு அல்ல.
மூன்று மடு, நடுவே மணல்,
யானை மிதித்த பள்ளத்தில் ஒரு கை நீர்.

மேல் மடுவுக்குக் கீழே தடுப்பணை.
ஈரச் சிமெண்டில் யாரோ விரலால் எழுதிய ஆண்டு
1994.
நான் பிறந்த வருஷம்.

பொடிக்கெண்டையைப் பிடித்து
வால் துடுப்பில் எள்ளளவு வெட்டி
குப்பியில் போட்டு, மீனைத் திரும்ப விடுவது
என் வேலை.
எண் எழுதுவது ருத்ரப்பா.
பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பார்.

"வாலை வெட்டி என்னத்தப் பாப்ப?"
"யார் யாருக்குச் சொந்தம்னு."
"அதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா?
எல்லாம் பங்காளிங்கதான்."

ஆய்வகமும் அதையேதான் சொன்னது,
நாலு மாதம் கழித்து, அதிகச் செலவில்.
ஒரே மரபுக்கூறில்
கீழ் மடுவில் ஒன்பது வகை, நடுவில் எட்டு.
மேல் மடுவில் ஒன்று.
ஒரு நோய் வந்தால் போதும்,
எல்லா மீனுக்கும் ஒரே கிழமையில் வரும்.

"சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி" என்று
அவருக்கு விளக்க ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டேன்.
என் அம்மாவுக்கு என் அப்பா தாய்மாமன்.
ஆறு மணிக்குமேல் என் அண்ணன்
சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடப்பான்.

இன்னும் மேலே போனால்
பாறை இடுக்கில் அருவி. அதற்கும் மேல்
ஒரு குளிர்ந்த குழி.
அங்குள்ள கெண்டைக்குச் செவுளோரம் கரும்புள்ளி,
கீழே எதற்கும் கிடையாது.
எத்தனை மழைக்கு முன் பிரிந்ததோ,
அந்தப் பிரிவு அவசரமில்லாமல்
ஓர் இனத்தைச் செய்துகொண்டிருக்கிறது.
இந்தப் பிரிவு முப்பது வருஷத்தில்
தின்று முடிக்கப் பார்க்கிறது.
இரண்டுக்கும் என்னிடம் ஒரே சொல்தான்.

ஒன்றைச் சொல்ல விட்டேன்.
மேல் மடுவின் முப்பது குப்பியில்
பதினேழாம் எண் மட்டும் ஒட்டவில்லை.
அது கீழ் மடு மீன்.
இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். அதேதான்.
சுவரின் உயரம் எட்டு அடி.

ருத்ரப்பா காதைச் சொறிந்தார்.
"போன வருஷம் கீழ ஆறு மீனு மாட்டுச்சு.
எங்க வீட்ல ஏழு தட்டு.
சண்டை வரும்னு
போற வழியில மேல விட்டுட்டேன்."
"மீதி அஞ்சு?"
"கொக்குக்குத் தட்டு எதுக்கு?"

தலைமுறைக்கு ஒரு விருந்தாளி வந்தால்
பெரும்பாலும் போதும் என்கிறது கணக்கு.
வாளியில் நானே நாலைத் தூக்கிப் போகலாமா
என்று எத்தனை ராத்திரி யோசித்திருப்பேன்.
அனுமதிக்கு எழுதி, பதில் வராமல்,
மறுபடி எழுதி.
அருவிக்கு மேலே யாராவது
இப்படி ஒரு வாளியோடு ஏறிவிட்டால் என்ன ஆகும்
என்றும்தான்.

படிவத்தில் ஒரு கட்டம்: வந்த வழி.
பேனாவை வாங்கினேன்.
மூடியில் பல் தடம்.
"என் பேரைப் போட்டுறாத" என்றார்,
போட்டால் நன்றாக இருக்கும் என்கிற குரலில்.