நூறு கிராமுக்கு

சாட்ஸ்வொர்த்தில் இன்றும் எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று.
கைபேசி வெளிச்சத்தில் லேபிள் படிக்கிறோம்:
நான் காய்கறி அச்சார்க் குப்பியை,
சரோஷினி சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தலை.
இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்று
கிளினிக் தாதி தெம்பி சொன்னது காலையில்.

"எரிசக்தி?"
"மூவாயிரத்து எழுநூறு கிலோஜூல்."
எனக்கு எண்ணூற்று அறுபதுதான் என்கிறேன்,
காரட்டும் பீன்ஸும் பச்சை மாங்காயும்
நான் பெற்ற பிள்ளைகள் போல.
"கொழுப்பு?"
"நூறு."
"அதை உன் முகத்திலேயே படித்திருக்கலாம்."
அவள் சிரிக்கவில்லை.
"உப்பைச் சொல்லுங்கள்."
என் பெருவிரல் தற்செயலாக
அந்த வரியின்மேல் இருந்தது.
விலக்கினாள்.
சோடியம், ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது மில்லிகிராம்.
அவளுடையதில் பூச்சியம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள்;
எத்தனை மில்லிகிராம் வரை என்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

நார்ச்சத்து மூன்று கிராம் என்று
கடைசி சாட்சியைக் கூப்பிட்டேன்.
அவள் கேட்டது வேறு:
"ஒரு வேளைக்குப் பதினைந்து கிராமாம்.
இந்த வீட்டில் யார் அந்த ஆள்?"

பிறகு குப்பியை வாங்கிக்
கவிழ்த்துப் பிடித்தாள்.
மஞ்சள் எண்ணெய்
காரட்டுத் துண்டுகளிடம் வழி கேட்டுக் கேட்டு
மெல்ல மேலேறியது,
தலைகீழாய் நின்ற எண்களைத் தாண்டி.
"உங்கள் கட்சியிலும் என் ஆள்தான்."

பத்தரைக்கு விளக்கு வந்தது.
பருப்புத் தாளிக்கப் போனவள்
கரண்டியில் பாதி ஊற்றினாள்;
நின்றாள்;
இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.
நான் பார்க்காதது போல
மூடியைத் திறந்தேன்.