இரவல் நாற்றம்

யானைக்கு மணி கட்டுவதுபோல
புரோப்பேனுக்கு நாற்றம் கட்டி அனுப்புகிறார்கள்.
பிறவியில் அதற்கு மணமில்லை, நிறமில்லை.
அழுகிய முட்டை என்பார் சிலர்,
கெட்டுப்போன முட்டைக்கோஸ் என்பார் சிலர்.
எதுவானாலும் இரவல்தான்.
யானை பின்னால் வரும்.

பதினோரு குளிர்காலமாக
கேஸ் லாரி ஓட்டுகிறேன்,
மேய்ன் மாநிலத்தின் வடகோடியில்.
ஆற்றுக்கு அக்கரை கனடா.
இக்கரையில் உருளைக்கிழங்கு வயல்,
அதன்மேல் ஆறு மாதம் பனி.

ஓனில் பெல்ஃப்லர் வீடு அன்றைய பட்டியலில் ஏழாவது.
பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
டாங்கை மூடிக் கிடந்த பனியை
அவரைத் திட்டிக்கொண்டே நான்தான் வெட்டினேன்.
எண்பது சதவீதத்தில் நிறுத்தினேன்.
மிச்சம் இருபது, வெயில் வந்தால்
அது உடம்பை விரித்துக்கொள்ள.

ரசீதோடு படியேறினேன்.
அழைப்பு மணியின் பொத்தான்
பனிக்கட்டிக்குள் பூச்சிபோல உறைந்திருந்தது.
அதனால்தான் தட்டினேன்.
அதனால் மட்டும்தான்.
பல இரவுகள் இதைத் திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன்.

கதவு திறந்தது.
கையில் மாவுக் கரண்டியோடு அவர்.
"உள்ளே வா, பட்டாணி சூப் இருக்கிறது,
ப்ளோய் அப்பம் வார்க்கப் போகிறேன்."
அவருக்கு முன்னால் வாசலுக்கு வந்திருந்தது
அந்த நாற்றம்.

டிசம்பர் காய்ச்சலில் அவருக்கு மோப்பம் போய்விட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.
மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது,
உள்ளே ஆளில்லை.

"வெளியே வாருங்கள்."
"கோட்டு..."
"வேண்டாம்."
அவர் கை விளக்கின் சுவிட்சுக்குப் போனது.
அறையை விட்டுப் போகிறவன் விளக்கை அணைப்பான்,
ஐம்பது வருடச் சிக்கனம்.
நான் கத்திய கத்தலில்
கரண்டி கீழே விழுந்தது.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்பார்கள்.
வேகாதுதான்.
ஆனால் ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும்
ஒரு மணல் அளவு நெருப்பு குடியிருக்கிறது.

காற்றைவிடக் கனம் அந்த வாயு.
வெள்ளம் பள்ளம் பார்ப்பதுபோல
நிலவறைப் படிகளில் இறங்கி
ஊறுகாய் ஜாடிகளுக்கு இடையே தேங்கும்.
அங்கே ஹீட்டர் உறங்கிக்கொண்டிருந்தது.
எப்போது கண்விழிக்கும் என்பது
தெர்மோஸ்டாட்டுக்கே வெளிச்சம்.

கதவைத் திறந்தபடி விட்டோம்.
டாங்க் மூடியைத் தூக்கி
வால்வை வலப்பக்கம் திருகினேன், நிற்கும்வரை.
சற்றுமுன் பனியை வெட்டியிராவிட்டால்
எங்கே என்று தேடியிருப்பேன்?
லாரியைக் கிளப்பவில்லை.
கைப்பேசியைத் தொடவில்லை.
என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவர்,
ஸ்வெட்டரோடு நான்,
வீட்டுச் செருப்பு பனியில் இரண்டு முறை கழன்றது.
காற்று வரும் திசை பார்த்து
கோர்மியே வீட்டுக்கு நடந்தோம்.
அங்கிருந்துதான் போன்.

தீயணைப்புக்காரர்கள் வர இருபது நிமிடம்.
அதில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வந்திருந்தார்.
அந்த இருபது நிமிடமும் ஓனில் பேசியது ஒன்றுதான்:
"விளக்கு எரிகிறது. வீணாக எரிகிறது."

பிறகு தெரிந்தது, விஷயம் இவ்வளவுதான்:
சூப் பொங்கிச் சுடரை அணைத்திருக்கிறது,
குமிழ் திறந்தபடி.
ஜன்னல்களைத் திறந்து, அளவுகருவி பிடித்து,
குழாய் குழாயாகச் சோதித்து
எங்கள் ஆள் மறுபடி பற்றவைத்தபோது
மணி ஒன்பது.
சூப்பைக் கொட்டினார்கள்.

மார்ச்சில் மறுபடி போனேன்.
டாங்க் வரை பாதை வெட்டியிருந்தது,
ஓரத்தில் நீளக் கம்பில் சிவப்புத் துணி.
சமையலறையில் முழங்கால் உயரத்தில்
புதிதாக ஒரு எச்சரிக்கைக் கருவி.
"புகைக்குக் கூரை, இதற்குத் தரை"
என்றார், தானே கண்டுபிடித்தவர்போல.

ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு
கொஞ்சம் இரு என்று உள்ளே போனார்.
நன்றி சொல்லப் போகிறார், பணம் தரப் போகிறார்,
எப்படி மறுப்பது என்று நான் யோசித்து நிற்க,
பால் டப்பாவோடு வந்தார்.
மூடியைத் திறந்து என் முகத்தருகே நீட்டினார்.
"இது நல்லதா, சொல்."

கெட்டுத்தான் போயிருந்தது.
நாலு நாளாவது ஆகியிருக்கும்.